பெங் தெஹுவாய்: கொரியப் போரை நடத்திய தளபதி ஏன் வீழ்த்தப்பட்டார்?

கேள்வி: சீனத் தளபதி பெங் தெஹுவாய், கொரியப் போரில் சரியாகச் செயல்படாததால்தான் பதவி இழந்தாரா? மாவோவின் மகன் அவருடைய முகாமில் இறந்ததுதான் காரணம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அவருடைய ராணுவ வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்:

இரண்டுமே காரணம் இல்லை. கொரியப் போர் 1953இல் முடிந்தது. மறு ஆண்டே பெங் பாதுகாப்பு அமைச்சரானார். 1955இல் பத்து பேருக்கு மார்ஷல் பட்டம் கொடுத்தபோது மூத்த தளபதி சூ தேக்கு அடுத்து இரண்டாவது பெயர் இவருடையது. போரில் சொதப்பியவருக்கு இதெல்லாம் கிடைத்திருக்காது. அவர் வீழ்ந்தது 1959இல், லூஷான் என்ற மலைவாசஸ்தலத்தில், மாவோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தால். பதவியில் இருந்த வேறு யாரும் எழுதத் துணியாத அந்தக் கடிதத்தை இவர் மட்டும் ஏன் எழுதினார் என்பது புரிய வேண்டுமானால், அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

1898இல் ஹூனான் மாகாணத்தின் சியாங்தான் மாவட்டத்தில் பிறந்தார். மாவோவும் அதே மாவட்டத்துக்காரர்தான். ஆனால் மாவோவின் அப்பா வசதியான விவசாயி. பெங்கின் வீட்டில் அம்மா சீக்கிரமே இறந்துபோனார், அப்பா நோயாளி, கைக்குழந்தையாக இருந்த கடைசித் தம்பி பட்டினியில் இறந்தது. ஒரு புத்தாண்டு நாளில் பெங்கையும் இன்னொரு தம்பியையும் பாட்டி பிச்சை எடுக்க அனுப்பினார். ஒரு வீட்டு வாசலில், "செல்வம் கொண்டுவரும் பிள்ளைகளா நீங்கள்?" என்று கேட்டார்கள். புத்தாண்டன்று வாசலுக்கு வரும் சிறுவர்களிடம் அப்படிக் கேட்பது அங்கே வழக்கம். ஆமாம் என்று சொன்னால் நல்ல சகுனம். பெங், "இல்லை, பிச்சை எடுக்க வந்தோம்" என்றார். தம்பி முந்திக்கொண்டு ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அரைக் கிண்ணம் சோறும் ஒரு துண்டு இறைச்சியும் கிடைத்தன. அடுத்த நாள் பிச்சைக்குப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டு விறகு வெட்டப் போனார். இதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் படித்ததிலேயே அதிகம் யோசிக்க வைத்த சம்பவம் இதுதான்.

அப்புறம் மாடு மேய்த்தார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார், தொங்திங் ஏரிக்கரையில் அணை கட்டும் கூலியாக இருந்தார். 1916இல் ஹூனான் மாகாணப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அது யுத்தப் பிரபுக்களின் காலம். பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்படியாக மேலே வந்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரியான தேசியவாதக் கட்சி கோமிந்தாங்கின் படையில் ரெஜிமெண்ட் கமாண்டர் ஆனார். 1928இல் ரகசியமாகக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் தன் ரெஜிமெண்டோடு பிங்ஜியாங் நகரில் கலகம் செய்து, கம்யூனிஸ்டுகளின் படையான செஞ்சேனையின் ஐந்தாவது படையை உருவாக்கினார். கட்சி மிகவும் பலவீனமாக இருந்த ஆண்டு அது. சேர்வதால் ஆதாயம் எதுவும் கிடைத்திருக்காது, தலைதான் போயிருக்கும்.

கோமிந்தாங் படையிடமிருந்து தப்ப செஞ்சேனை 1934-35இல் மேற்கொண்ட நெடும்பயணத்தில் முன்னணியில் போரிட்ட இரண்டு பெரும் படைப்பிரிவுகளில் ஒன்று பெங்குடையது, மற்றது லின் பியாவுடையது. 1935 பிப்ரவரியில் லோஷான் கணவாயைப் பிடித்து சுன்யி நகரைத் திரும்பக் கைப்பற்றியதில் பெங்கின் பங்கு பெரியது. அந்த ஆண்டு அக்டோபரில், துரத்திவந்த குதிரைப்படையை அவர் முறியடித்தபோது மாவோ அவரைப் புகழ்ந்து ஒரு சிறு கவிதை எழுதினார். வாளேந்திக் குதிரையில் வருவது யார், நம் பெங் தளபதிதான் என்று முடியும் கவிதை. பெங் கடைசி வரியில் தன் பெயரை அடித்துவிட்டு, செஞ்சேனை வீரர்களைப் போட்டுத் திருப்பி அனுப்பினார். இருவருக்கும் இடையே அப்போது அவ்வளவு நெருக்கம் இருந்தது.

கசப்பும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. மே மாதம் ஹுயிலி என்ற இடத்தில் நடந்த கூட்டத்தில், மாவோவை ராணுவத் தலைமையிலிருந்து விலக்கச் சொல்லி லின் பியாவ் எழுதிய கடிதம் பேச்சுக்கு வந்தது. அந்த இளைஞனைத் தூண்டிவிட்டது பெங்தான் என்று மாவோ சந்தேகப்பட்டார். பெங் அங்கே தன்னை விளக்கிக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து லூஷானில் அந்தச் சந்தேகம் குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது.

ஜப்பானுக்கு எதிரான போரில் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிச் சேனைக்கு பெங் துணைத் தளபதி. 1940 ஆகஸ்டில் அவர் தொடங்கிய நூறு ரெஜிமெண்ட் தாக்குதலில் நான்கு லட்சம் பேர் அளவில் இறங்கி, வட சீனாவில் ஜப்பானியரின் ரயில் பாதைகளையும் சுரங்கங்களையும் தகர்த்தார்கள். ஜப்பானியர் கடுமையாகப் பழி தீர்த்தார்கள், கிராமம் கிராமமாக எரித்தார்கள். நம் பலத்தை எதிரிக்கு வெளிக்காட்டிவிட்டார் என்று கட்சிக்குள் விமர்சனம் எழுந்தது. 1945இல் கம்யூனிஸ்டுகளின் தலைநகரான யெனானில் நாற்பது நாட்கள் நீண்ட கூட்டத்தில் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த நாற்பது நாட்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை. என் கணிப்பில், அந்தத் தாக்குதல் ராணுவ ரீதியாக விவாதத்துக்குரியதுதான். ஆனால் கம்யூனிஸ்டுகள் ஜப்பானோடு சண்டையே போடவில்லை என்ற பேச்சுக்கு இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் பதில் அதுதான்.

அவருடைய திறமையைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமானால் 1947ஐப் பாருங்கள். கோமிந்தாங் தளபதி ஹூ சுங்நான் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு யெனானை நோக்கி வந்தார். பெங்கிடம் இருந்தது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தலைநகரைக் காலி செய்துகொடுத்துவிட்டு, எதிரியை மலைகளில் அலைய விட்டு, மார்ச் 25 முதல் மே 4க்குள் சிங்ஹுவாபியன், யாங்மாஹெ, பான்லோங் என்று மூன்று இடங்களில் தனித்தனிப் படைப்பிரிவுகளை மடக்கி அழித்தார். பான்லோங்கில் எதிரியின் உணவு, உடைக் கிடங்கே கைக்கு வந்தது. 1949இல் லான்சோவைப் பிடித்து வடமேற்கு முழுவதையும் முடித்துவைத்தார்.

கொரியாவுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையமே இதுதான்.

1950 அக்டோபர் 4ஆம் தேதி சியான் நகரில் பொருளாதாரத் திட்டக் கோப்புகளோடு இருந்தவரை விமானத்தில் பெய்ஜிங்குக்கு அழைத்து வந்தார்கள். வட கொரியாவுக்கு உதவப் போருக்குப் போவதா வேண்டாமா என்று கட்சித் தலைமை தயங்கிக்கொண்டிருந்தது. லின் பியாவ் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஒதுங்கியிருந்தார். மறுநாள் பெங் மாவோவின் பக்கம் பேசினார், தலைமையும் ஏற்றார். 19ஆம் தேதி கொரிய எல்லையான யாலு நதியைக் கடந்தார்.

எதிரே இருந்தது உலகின் பலமான அமெரிக்க விமானப்படை. பகலில் ஒரு லாரிகூட ஓட முடியாது. முன்வரிசையில் சமைத்தால் புகையைப் பார்த்துக் குண்டு விழும். அதனால் வறுத்த மாவைத் துணிப்பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பனியை வாயில் போட்டுக் கரைத்து விழுங்கினார்கள். அந்த மாவை வறுக்க பெய்ஜிங்கில் அரசு அலுவலகங்களே இறங்கின, பிரதமர் சூ என்லாயும் நின்று வறுத்தார். ஒரு சிப்பாய் முதுகில் சுமக்கக்கூடியது ஒரு வாரத்து உணவும் தோட்டாவும்தான். ஆகவே சீனத் தாக்குதல் ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் மூச்சு வாங்கி நின்றது. அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வே இதைக் கண்டுபிடித்து, பின்வாங்கிக் காத்திருந்து திருப்பி அடித்தார். கொரியாவில் பெங் எடுத்த எந்த முடிவை எடைபோட்டாலும் இந்த ஒரு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் அவர் செய்தது பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்த காரியம். முதல் மோதலுக்குப் பிறகு வேண்டுமென்றே பின்வாங்கினார். பிடிபட்ட எதிரிக் கைதிகளில் நூறு பேரளவில் விடுவித்தார், சீனப்படை பட்டினியால் திரும்பிப் போகிறது என்று அவர்கள் போய்ச் சொல்லட்டும் என்பதற்காக. எதிர்த்தரப்பின் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம் என்று நம்பி முன்னேறினார். நவம்பர் 25 இரவு பெங் அடித்தார். 38ஆவது படையைச் சேர்ந்த ஒரு டிவிஷன் மலைப்பாதையில் 14 மணி நேரத்தில் 70 கிலோமீட்டருக்கு மேல் நடந்து போய், சம்சோரி என்ற இடத்தில் அமெரிக்கர் பின்வாங்கும் சாலையை அடைத்தது. இதே 38ஆவது படை முந்தைய சண்டையில் மெதுவாக நகர்ந்தது என்று அதன் தளபதி லியாங் சிங்சூவைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பெங் மேசையைத் தட்டித் திட்டியிருந்தார். இப்போது பாராட்டுத் தந்தி எழுதிவிட்டு, கடைசியில் தன் கையாலேயே "38ஆவது படை வாழ்க" என்று சேர்த்தார். ஒரு படைக்கு வாழ்க போடுவது சீன ராணுவத்தில் வழக்கமே இல்லை. தப்பு செய்தால் முகத்துக்கு நேரே திட்டுவார், நன்றாகச் செய்தால் கஞ்சத்தனம் இல்லாமல் புகழ்வார்.

மாவோவின் மகன் மாவோ ஆன்யிங் இறந்தது அந்த நவம்பர் 25 பகலில். பெங்கின் தலைமையகம் தேயுதோங்கில் கைவிடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்தது. ஆன்யிங் அங்கே ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக இருந்தார். விமானங்கள் நாபாம் குண்டு போட்டன. துணைத் தளபதி ஹோங் சுயேசி வற்புறுத்திக் குகைக்குள் அழைத்துப் போயிருந்ததால் பெங் பிழைத்தார். குடிசையில் இருந்த ஆன்யிங் எரிந்துபோனார். மாவோவின் மனதில் இது வடுவாக இருந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகள் பெங்கை மேலே மேலே வைத்திருந்தவர் அதே மாவோதான். மகனுக்காகப் பழிவாங்கினார் என்பதற்கு ஆதாரமே இல்லை. நடந்ததை அப்படியே விளக்கப் போதுமான காரணம் வேறு இருக்கிறது.

1951 ஜனவரியில் சியோல் பிடிபட்டது. தெற்கே துரத்திக்கொண்டே போகச் சொல்லி வட கொரியத் தலைமையும் சோவியத் தூதரும் நெருக்கினார்கள். பெங் மறுத்தார். பிப்ரவரியில் பெய்ஜிங்குக்குப் பறந்து வந்தார். மாவோ நகருக்கு வெளியே ஓய்வில், தூங்கிக்கொண்டிருந்தார். காவலர் தடுத்தும் கேட்காமல் உள்ளே போய் எழுப்பி, இந்தப் போரைச் சீக்கிரம் ஜெயிக்க முடியாது, ஆட்கள் குளிரிலும் பசியிலும் சாகிறார்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். மாவோ கோபப்படவில்லை. வேகமாக முடிந்தால் வேகமாக, முடியாவிட்டால் மெதுவாக ஜெயிக்கலாம் என்று தன் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டார்.

ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடந்த ஐந்தாவது தாக்குதல் பெரிய தோல்வி. அளவுக்கு மீறி முன்னே போய் மாட்டிக்கொண்டார்கள், 180ஆவது டிவிஷன் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அதில் தன் பொறுப்பை பெங் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு ஆண்டு பதுங்குகுழிப் போர். 1953 ஜூலை 28இல் கேசோங்கில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார். சீன அரசின் கணக்கிலேயே 1,97,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

பாதுகாப்பு அமைச்சராக அவர் செய்த வேலை ஒரு கொரில்லாப் படையை முறையான ராணுவமாக்குவது. பதவித் தரவரிசை, கட்டாய ராணுவ சேவைச் சட்டம், சம்பளம் எல்லாம் 1955இல் வந்தன. சோவியத் முறையை அதிகம் பின்பற்றினார். இந்தக் காலத்தில் அவர் கையிலும் கறை இருக்கிறது. 1958இல் சோவியத் பாணியைக் கண்மூடிப் பின்பற்றுகிறார்கள் என்று ராணுவத்துக்குள் நடந்த விமர்சன இயக்கத்தில், லியூ போசெங், சூ யூ, சியாவ் கே போன்ற மூத்த தளபதிகளைத் தாக்கியதில் பெங் முன்னால் நின்றார். சூ யூ முப்படைத் தலைமை அதிகாரி பதவியை இழந்தார். அது அநியாயம். அடுத்த ஆண்டு இவருக்கே அதே கதி வந்தபோது, வாய் திறந்து ஆதரிக்க ராணுவத்தில் ஆள் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே 1958இல்தான் நாட்டை வேகமாக முன்னேற்ற மாவோ தொடங்கிய மாபெரும் பாய்ச்சல். கொல்லைப்புறத்தில் உலை வைத்து இரும்பு உருக்கச் சொன்னார்கள், கிராமங்களைக் கம்யூன்கள் என்ற பெரும் கூட்டுப் பண்ணைகளாக்கினார்கள். ஆண்டு இறுதியில் பெங் சொந்த மாகாணமான ஹூனானைச் சுற்றிப் பார்த்தார். இளவட்டங்கள் எல்லாம் உலைக்குப் போய்விட்டதால் பயிர் வயலிலேயே கிடந்தது. உலைக்கு விறகு வேண்டும் என்று பழமரங்களை வெட்டியிருந்தார்கள். தான் கலகம் தொடங்கிய பிங்ஜியாங்கில் கண்காட்சி ஒன்றில் தொங்கிய விளைச்சல் கணக்கைச் சரிபார்த்தார். 1957இன் அதிக விளைச்சலை 1958க்கும், 1958இன் குறைந்த விளைச்சலை 1957க்கும் மாற்றிப் போட்டிருந்தார்கள். படைத்தளபதிக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கீழே இருந்து வரும் தகவல் பொய் என்றால் மேலே போடும் உத்தரவு எல்லாமே தப்பாகப் போகும்.

1959 ஜூலையில் லூஷானில் கட்சிக் கூட்டம். 13ஆம் தேதி காலை மாவோவின் பங்களாவுக்குப் போனார். இப்போதுதான் தூங்கப் போனார் என்றார் காவலர். இந்த முறை பெங் எழுப்பவில்லை. திரும்பி வந்து கடிதம் எழுதினார், 14ஆம் தேதி கொடுத்தார். இன்று படித்தால், இதற்கா இவ்வளவு என்றுதான் தோன்றும். சாதனைகளை முதலில் வரிசையாகப் பாராட்டுகிறார். பிறகு மிகைப்படுத்திய கணக்குகளையும், இரும்பு உலைகளில் வீணானதையும், ஒரே தாவலில் கம்யூனிசத்துக்குப் போய்விடலாம் என்ற குட்டி முதலாளித்துவ வெறியையும் சொல்கிறார். மாவோவைக் குற்றம் சொல்லவில்லை. தனிக் கடிதமாகத்தான் எழுதினார். மாவோ அதற்கு ஒரு தலைப்பு போட்டு, அச்சடித்து எல்லாருக்கும் விநியோகித்தார்.

23ஆம் தேதி மாவோ பேசினார். ராணுவம் தன் பின்னால் வராவிட்டால் கிராமத்துக்குப் போய் வேறு செஞ்சேனை திரட்டுவேன் என்றார். அதற்குப் பிறகு யார் பேசுவது? பெங்கின் கருத்தை ஆதரித்த முப்படைத் தலைமை அதிகாரி ஹுவாங் கெசெங், வெளியுறவுத் துணை அமைச்சர் ஜாங் வென்தியன், ஹூனான் கட்சிச் செயலாளர் சோ சியாவ்சோ ஆகியோரையும் சேர்த்து 'கட்சி விரோதக் கும்பல்' என்று முத்திரை குத்தினார்கள். ஹுயிலி, நூறு ரெஜிமெண்ட் எல்லாம் தோண்டி எடுக்கப்பட்டன. அந்தக் கோடையில் சோவியத் யூனியனுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போய் வந்திருந்தார். சோவியத் தலைவர் குருஷ்சேவோடு சேர்ந்து சதி செய்ததாகச் சந்தேகம் கிளப்பினார்கள். செப்டம்பரில் லின் பியாவ் பாதுகாப்பு அமைச்சரானார். 1962இல் இந்தியாவோடு எல்லைப் போர் நடந்தபோது பெங் ராணுவத்திலேயே இல்லை. நம் ஊரில் இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை லூஷானின் உண்மையான கொடுமை பெங்கின் பதவி பறிபோனது அல்ல. அந்தக் கூட்டம் தொடங்கியபோது, பாய்ச்சலின் தவறுகளைக் கொஞ்சம் சரிசெய்வோம் என்ற மனநிலைதான் இருந்தது. பெங்கைத் தாக்கிய பிறகு நாடு முழுவதும் வலதுசாரிகளைத் தேடும் வேட்டை நடந்தது. பஞ்சம் என்று உண்மையைச் சொல்லக்கூடிய கீழ்மட்ட அதிகாரி எவனும் வாய் திறக்கவில்லை. பாய்ச்சல் இன்னும் ஓராண்டு ஓடியது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை என்று ஆய்வாளர்கள் வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள்.

பெங் மார்ஷல் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெய்ஜிங்கின் மேற்குப் பக்கம் ஊ குடும்பத் தோட்டம் என்ற பாழடைந்த இடத்துக்குக் குடிபோனார். அங்கே மூ என்ற சீன நில அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 67 சதுர மீட்டர் நிலத்தை அளந்து கோதுமை விதைத்தார். எருவும் தண்ணீரும் கொட்டி, களையெடுத்து, சிட்டுக்குருவி வராமல் காத்தார். கிடைத்தது 90 ஜின் அளவு, சுமார் 45 கிலோ. அப்படியானால் ஒரு மூவுக்கு 900 ஜின்தான். செய்தித்தாள்கள் ஆயிரக்கணக்கான ஜின் என்று எழுதியது நடக்கவே நடக்காது என்று கையால் நிரூபித்துக்கொண்டார்.

1962இல் 80,000 எழுத்துகளில் தன் பக்கத்தை விளக்கி மறுபடியும் எழுதினார். பலன் இல்லை. 1965 செப்டம்பரில் மாவோ திடீரென அழைத்து, உண்மை ஒருவேளை உன் பக்கம் இருக்கலாம் என்று சொல்லி, தென்மேற்கில் தொழிற்சாலைகள் கட்டும் பணிக்கு செங்து அனுப்பினார். சில வாரங்களிலேயே நிலைமை தலைகீழானது. மிங் காலத்து நேர்மையான அதிகாரி ஹாய் ருய் பதவி நீக்கப்படுவதைப் பற்றிய ஒரு நாடகத்தைத் தாக்கிய பிரச்சாரத்தில், பெங்கும் ஹாய் ருய்தான் என்று மாவோவே சொன்னார். 1966 டிசம்பரில், கலாச்சாரப் புரட்சியில் மாவோவின் பெயரால் இயங்கிய இளைஞர் கூட்டங்களான செங்காவலர்கள் அவரை பெய்ஜிங்குக்கு இழுத்து வந்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் ஒரு கூட்டத்தில் மீண்டும் மீண்டும் அடித்துத் தள்ளியதில் விலா எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. விசாரணையில் மேசையைத் தட்டி, தான் சதி செய்யவில்லை என்று கத்தியிருக்கிறார். இளமைக் காலம் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, சிறையில் விசாரணைக்காரர்கள் எழுதச் சொல்லி அவர் எழுதிய தாள்களிலிருந்து வந்தது. 1981இல் அவை நூலாக வெளிவந்தன.

புற்றுநோயில் 1974 நவம்பர் 29 அன்று இறந்தார். அவர் படுத்திருந்த மருத்துவமனை அறை ஜன்னல்களுக்குக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வாங் சுவான், செங்துக்காரர் என்று பொய்ப் பெயர் எழுதி எரித்து, சாம்பலை செங்துவுக்கு அனுப்பினார்கள்.

1978 டிசம்பரில் கட்சி அவர் மீதான குற்றச்சாட்டுகளை நீக்கியது, நினைவுக் கூட்டத்தில் டெங் சியாவ்பிங் இரங்கல் உரை வாசித்தார். 1981இல் கட்சி தன் வரலாற்றைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், லூஷானில் பெங்கைத் தாக்கியது முழுத் தவறு என்றும், அதைத் தொடங்கியது மாவோ என்றும் எழுதினார்கள். லூஷானில் அவரோடு வீழ்ந்த மூவரில் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இருந்தவர் ஹுவாங் கெசெங் மட்டும்தான்.